மோப்பம் அக்காவின் மூக்கும் நர்ஸம்மாவின் காரும்

கார் கொதித்து நடுரோட்டில் நின்றுவிட்டால் வழியில் போகிற எல்லாரும் டாக்டர்தான். ரேடியேட்டரில் தண்ணீரை ஊற்று என்பார் ஒருவர். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசு என்பார் இன்னொருவர். பெட்ரோல் பங்கில் காற்றடிக்கிறவர் வரைக்கும் ஆளுக்கொரு வைத்தியம் கைவசம் வைத்திருப்பார்கள். ஆனால் இன்ஜினைக் குளிர வைக்க ஊற்றிய கூலன்ட் எந்த வழியாக ஒழுகிப் போகிறது என்று கேட்டுப் பாருங்கள், எல்லாருக்கும் திடீரென்று அவசர வேலை வந்துவிடும். அதைக் கண்டுபிடிக்க அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு. அவள் பேர் மோப்பம். சின்னவர்கள் மரியாதைக்கு மோப்பம் அக்கா என்பார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது கரண்ட் பில்லில் மட்டும் வந்து போகும்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கவுன்டரில் நின்றவள். அந்தக் கடைக்கு ஒரு டிங்கர் தினம் வருவான். நசுங்கிய கார்களைத் தட்டி நிமிர்த்திப் பெயின்ட் அடிக்கிறவன். நசுங்கிய இடத்தில் பூசி நிரவுகிற பட்டியைப் பெரிய டப்பாவாக வாங்கினால் ஒரு மாதம் ஓடும். இவனோ தினம் ஒரு சின்ன டப்பா வாங்கினான். கடை முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை, அவளுக்குப் புரிந்தது. கல்யாணமாகி அவனுடைய தகரக் கூரை ஷெட்டுக்குப் பின்னாலிருந்த இரண்டு அறை வீட்டுக்குக் குடிவந்தபோது, கட்டிலுக்கு அடியில் அத்தனை சின்ன டப்பாக்களும் பிரிக்காமல் அடுக்கியிருந்தன.

அப்போது அவளுக்கு இன்ஜினில் ஒன்றும் தெரியாது. சாமான்களின் பேர் தெரியும், விலை தெரியும், எந்தச் சாமானை வாங்கிப் போனவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வருவான் என்பதும் தெரியும். ஒரு நாள் கணவனுக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தவள், பெயின்டுக்கு வந்து நின்ற ஒரு காருக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். காரின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற வாத்தியார். உள்ளே ஒரு தித்திப்பு வாடை அடித்தது. பேரன் ஜூஸைக் கொட்டிவிட்டான், கார்பெட்டை எத்தனை தடவை கழுவினாலும் போகவில்லை என்று வாத்தியார் பேரனைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"சார், பையன திட்டாதீங்க. இது ஜூஸ் இல்ல, கூலன்ட்" என்றாள் அவள். "உள்ள ஹீட்டருக்குள்ள அது ஓடற எடம் ஒழுகுது. கார்பெட்டுக்கு அடியில கைய விட்டுப் பாருங்க."

வாத்தியார் கையை விட்டார். கை பிசுபிசுவென்று வெளியே வந்தது. ஸ்பேர் பார்ட்ஸ் கடையின் குடோனில் கூலன்ட் கேன் விரிசல் விட்டால் எந்த அடுக்கில் எந்தக் கேன் என்று இருட்டிலேயே சொல்கிற மூக்கு அது. அந்தக் காரின் டாஷ்போர்டைக் கழற்றியது அவள்தான். மாட்டத் தெரியாமல் மூன்று திருகு மிச்சம் வைத்ததும் அவள்தான். ஆனாலும் ஒழுகல் நின்றது. வாத்தியாரின் பேரன் தலை தப்பியது.

அதற்கப்புறம் ஷெட்டின் ஒரு பாதி டிங்கருக்கு, மறு பாதி மோப்பத்துக்கு என்று ஆனது. அங்கே டங் டங் என்று சுத்தியல், இங்கே ஸ்பேனர். எரிந்துபோன கேஸ்கெட்டைக் கண்டுபிடிக்க ஆயில் மூடியின் அடியில் மோர் மாதிரி வெளுத்திருக்கிறதா என்று பார்க்கப் பழகினாள். சைலன்சரில் வெள்ளைப் புகை வந்தால் தண்ணீர் உள்ளே எரிகிறது என்று பழகினாள். காய்ந்த கூலன்ட் உப்புப் பூத்த மாதிரி எங்கே படிந்திருக்கும் என்று பழகினாள். எல்லாம் கார்களைக் கெடுத்தும் சரிபண்ணியும் கற்றதுதான். ஆனால் ஊர் அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. ஊருக்கு மூக்கு ஒன்றுதான் கண்ணில் பட்டது. அதற்குக் காரணம் டிங்கரின் வாய். டீக்கடையில் உட்கார்ந்தால் போதும், "என் வீட்டுக்காரி மோந்து பாத்தான்னா இன்ஜினே வெக்கப்பட்டு உண்மையச் சொல்லிடும்" என்று ஆரம்பித்துவிடுவான். பெண்டாட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறவர்களில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. மோந்து பார்க்கிறதை ஒரு கச்சேரி மாதிரி ஆக்கிவைத்திருந்தாள். முதலில் டிங்கரின் சுத்தியல் நிற்கவேண்டும். பக்கத்தில் யாரும் சிகரெட் பிடிக்கக்கூடாது. கார்க்காரர் சென்ட் போட்டிருந்தால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நிற்கவேண்டும். பிறகு கண்ணை மூடி, கைகளைப் பின்னால் கட்டி, திறந்த பானெட்டுக்குள் குனிந்து, இடமிருந்து வலமாக ஒரு தடவை, வலமிருந்து இடமாக ஒரு தடவை. "வாட்டர் பம்ப்" என்பாள், அல்லது "கீழ் ஹோஸ்" என்பாள். அது சரியாகத்தான் இருக்கும். இப்படி ஒரு ஆளுக்குக் கர்வம் இல்லாமல் இருந்தால்தான் சந்தேகப்படவேண்டும்.

அந்தக் கர்வத்தில் ஒரு கிறுக்குத்தனமும் உண்டு. சில கார்களில் ரப்பர் ஹோஸைக் குழாயோடு பிடித்து வைக்க கம்பெனிக்காரன் ஸ்பிரிங் கிளிப் போட்டிருப்பான். முறுக்க ஒரு திருகும் கிடையாது, தானே கவ்விக்கொள்ளும். அவளுக்கு அதைக் கண்டால் ஆகாது. "இது கிளிப்பா, தலைக்கு மாட்டற ஹேர் கிளிப்பா? மனுஷன் கை முறுக்காத எதுவும் நிக்காது" என்று கழற்றி எறிந்துவிட்டுத் திருகு கிளிப் போடுவாள். மூச்சைப் பிடித்து முறுக்குவாள். முறுக்கி முடித்ததும் கணவனின் டப்பாவிலிருந்து சிவப்புப் பெயின்ட் ஒரு புள்ளி எடுத்துத் திருகின் தலையில் வைப்பாள். இது என் வேலை, இனி ஒழுகாது என்று அர்த்தம். எறிந்த ஸ்பிரிங் கிளிப்புகளை டிங்கர் பொறுக்கி வைத்துக்கொண்டு, பெயின்ட் அடிக்கும்போது கண்ணாடியை மூடுகிற நியூஸ்பேப்பர் பறக்காமல் பிடித்துக்கொள்ள உபயோகித்தான்.

இப்படி ராஜாங்கம் நடந்துகொண்டிருந்தபோது அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பெரிய காய்ச்சல்தான், படுக்கையில் போட்டு எடுத்துவிட்டது. எழுந்து உட்கார்ந்தாள், சாப்பிட்டாள், ஷெட்டுக்குப் போனாள். எல்லாம் திரும்பி வந்தது, மூக்கு மட்டும் வரவில்லை. முதலில் சளி என்று நினைத்தாள். ஒரு நாள் அடுப்பில் பால் கருகிக் கருப்பாகிற வரைக்கும் பக்கத்திலேயே வெங்காயம் நறுக்கிக்கொண்டு நின்றிருந்தாள். அன்றைக்கு ஷெட்டுக்கு ஓடி ஒரு புதுக் கூலன்ட் கேனைத் திறந்து மூக்கை உள்ளேயே விட்டுப் பார்த்தாள். பச்சையாக ஏதோ திரவம் தெரிந்தது, அவ்வளவுதான். வாசனை இல்லை, வாடை இல்லை, ஒன்றுமே இல்லை. கேனை மூடி வைத்துவிட்டு அவள் வெகுநேரம் அந்த மூடியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? பாடகிக்குத் தொண்டை போனால் ஊர் பரிதாபப்படும். மெக்கானிக்குக்கு மூக்கு போனால் ஊர் சிரிக்கும். சிரித்துவிட்டு வேறு ஒர்க்‌ஷாப்புக்குப் போகும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் துணிந்தாள். பெரும்பாலான ஒழுகல்கள் கண்ணுக்கே தெரியக்கூடியவை. கறையைப் பார்த்துவைத்துக்கொண்டு, அப்புறம் கண்ணை மூடி மூச்சை இழுத்து, பார்த்ததையே மோந்ததாகச் சொன்னாள். கச்சேரி மட்டும் குறைவில்லாமல் நடந்தது. பாட்டுத்தான் இல்லை.

நர்ஸம்மாவின் கார் வந்தபோது குட்டு உடைந்தது.

நர்ஸம்மா வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களின் புண்ணுக்குக் கட்டுப்போட்டு, ஊசி போட்டு, முதுகு துடைத்து வருகிறவள். கட்டைக் குரல், நீள நடை, வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. பழைய நீலக் கார் ஒன்று வைத்திருந்தாள். அது இல்லாவிட்டால் அவளுக்குக் கை ஒடிந்த மாதிரி. போன வருஷம் அந்தக் காருக்கு இன்ஜினுக்குப் பின்புறம் ஒரு ஹோஸை மோப்பம்தான் மாற்றிக் கொடுத்திருந்தாள்.

"தண்ணி குறைஞ்சுக்கிட்டே இருக்கும்மா. கீழ ஒரு சொட்டு இல்ல. எங்க போகுதுன்னு மோந்து சொல்லு."

மோப்பம் ஆயில் மூடியைப் பார்த்தாள், சுத்தம். புகை இல்லை. கார்பெட் காய்ந்திருந்தது. பிரஷர் டெஸ்டர் என்று ஒன்று வைத்திருந்தாள், சைக்கிள் பம்ப் மாதிரி கையால் அடித்து ரேடியேட்டருக்குள் காற்றழுத்தம் ஏற்றிப் பார்ப்பது. கணக்கு சுலபம். எங்காவது ஒழுகினால் மீட்டர் முள் இறங்கும். சூடு கொஞ்சம் தணிந்ததும் மூடியைத் துணி வைத்துத் திறந்து அடித்துப் பார்த்தாள். முள் அசையவில்லை. கறையும் எங்கும் தென்படவில்லை. நர்ஸம்மா கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள், டிங்கர் சுத்தியலை நிறுத்திவிட்டிருந்தான். மோப்பம் கண்ணை மூடினாள், குனிந்தாள், இடமிருந்து வலம், வலமிருந்து இடம்.

"வாட்டர் பம்ப்" என்றாள்.

வாயில் வந்ததைச் சொன்னாள் என்பதுதான் உண்மை. பம்ப் மாற்றப்பட்டது. நல்ல பம்ப், பாவம், ஒரு தப்பும் பண்ணாமல் பழைய இரும்புக் குவியலுக்குப் போனது.

அடுத்த வாரம் கார் நடுவழியில் கொதித்து நின்றது. நர்ஸம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெயிலில் நடந்தே போய் ஒரு கிழவருக்குக் கட்டு மாற்றிவிட்டு வந்தாள். அன்று சாயந்திரம் ஷெட்டுக்கு வந்தவள் சத்தம் போட்டிருந்தால்கூட மோப்பத்துக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"நீ சொன்னா தப்பாதுன்னு இருந்துட்டேன்" என்றாள் நர்ஸம்மா, களைத்த குரலில். "பெரிய ஒர்க்‌ஷாப்ல இன்ஜினையே பிரிக்கணும்ங்கறாங்க. பிரிச்சா அந்தக் காரு அப்புறம் எனக்கு ஆகாது. வித்துடலாமான்னு பாக்கறேன். ஆனா நீ இன்னொரு தடவை நல்லா மோந்து பாத்துச் சொல்லு. நீ என்ன சொல்றியோ அதுதான்."

"நாளைக்குச் சொல்றேன் நர்ஸம்மா. இன்னிக்குக் கொஞ்சம் சளி."

அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தாள். எதிரில் டிங்கர். அவன் சட்டையெல்லாம் பெயின்ட், கையெல்லாம் பெயின்டைக் கரைக்கிற தின்னர்.

"ஏம்மா, ஒண்ணு கேக்கறேன், கோவப்படாத. உன் மூக்கு எப்பலேருந்து இல்ல?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"உன் மூக்குக்குப் பயந்து தினம் ரெண்டு தடவ குளிச்சவன் நானு. குளிக்காம வந்தா தட்டத் தொட விடமாட்ட. உனக்குக் காய்ச்சல் விட்டதுலேருந்து தின்னர் நாத்தத்தோடயே வந்து உக்கார்றேன், நீ வாயே தெறக்கல. மொதல்ல எம்மேல பாசம் கூடிப்போச்சுன்னு நெனச்சேன். அப்புறம்தான் புரிஞ்சுது."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. அழுகைதான் ஜெயித்தது. "தெரிஞ்சுமா டீக்கடையில என் மூக்கப் பத்திப் பீத்திக்கிட்டு இருந்தீங்க?"

"அத விட்டா எனக்குப் பீத்திக்க வேற என்ன இருக்கு?" என்றான் அவன், விளையாட்டில்லாமல்.

அது அவளைக் குத்திவிட்டது. இத்தனை காலம் ஊர் அவள் மூக்கைத்தான் மெச்சியது என்று நினைத்திருந்தாள். இப்போது வீட்டுக்காரனும் அதைத்தான் மெச்சினான் என்று தெரிந்தால் மிச்சம் என்ன இருக்கிறது? மூக்கைக் கழித்துவிட்டால் தான் யார்? கவுன்டரில் நின்ற பழைய பெண் மட்டும்தானா? அந்தக் கேள்வியோடு படுத்தாள், அதே கேள்வியோடு எழுந்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக நர்ஸம்மா வீட்டுக்கு நடந்தாள்.

நர்ஸம்மா வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். மோப்பம் உட்காரக்கூட இல்லை.

"நர்ஸம்மா, எனக்கு மூக்கு வேலை செய்யல. காய்ச்சலோட போயிடுச்சு. அன்னிக்கு உங்க கார மோந்து பாத்த மாதிரி நடிச்சேன். பம்ப் நல்லாத்தான் இருந்துது. அது என் தப்பு, அதுக்கு ஆன செலவு என்னோடது."

நர்ஸம்மா ஒரு செருப்போடு அப்படியே நின்றாள். பிறகு அவள் கேட்டது கார் விஷயமே இல்லை.

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"இல்ல. காட்டினா ஊருக்குத் தெரிஞ்சுடும்."

"கிறுக்கச்சி. காய்ச்சலுக்கு அப்புறம் சில பேருக்கு இப்படி ஆகும். சில பேருக்கு மெதுவாத் திரும்பி வரும், சில பேருக்கு வராது. எதுக்கும் போய்க் காட்டு." மறு செருப்பையும் மாட்டினாள். "சரி, என் காருக்கு என்ன வழி?"

"தெரியல. இருக்கற பரிச்சை எல்லாம் பண்ணிட்டேன். எல்லாத்துலயும் பாஸ் ஆகுது."

"நீ எப்பப் பாத்த?"

"எப்பன்னா? நீங்க கொண்டாந்து விட்டப்பதான்."

"சில காய்ச்சல் காலையில தொட்டுப் பாத்தா இருக்கவே இருக்காது" என்றாள் நர்ஸம்மா. "சாயந்திரம்தான் ஏறும். காலையில மட்டும் பாக்கற ஆளு, இவனுக்கு ஒண்ணுமில்ல, வேஷம் போடறான்னு சொல்லிடுவான்."

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் பையைத் தேடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மோப்பம் வாசலிலேயே நின்றாள். கார் ஒர்க்‌ஷாப்புக்கு எப்படி வருகிறது? ஓடித்தானே வருகிறது. ஓடி வருகிற கார் சூடாகத்தானே இருக்கும். சூட்டில் ரப்பர் உப்பும், இரும்பும் உப்பும், இடுக்கெல்லாம் அடைத்துக்கொள்ளும். நர்ஸம்மாவின் காரை அவள் ஒரு தடவைகூட ஆறிப்போன நிலையில் பார்த்ததில்லை. யோசித்துப் பார்த்தால், எந்தக் காரையும் அவள் அப்படிப் பார்த்ததில்லை. வந்ததும் வராததுமாக மோந்து சொல்லி அனுப்புகிறவளுக்கு ஆறவிட எங்கே நேரம்?

"நர்ஸம்மா!" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். "இன்னிக்கு ஓட்டிட்டு வந்து நிறுத்தினா அப்புறம் தொடாதீங்க. நாளைக்கு விடிஞ்சதும் நான் வர்ற வரைக்கும் சாவியப் போடவே கூடாது!"

மறுநாள் விடியும் நேரத்தில் அவளும் டிங்கரும் போனார்கள். மாடிப்படிக்கு அடியில் சுவரோடு ஒட்டி நின்றது நீலக் கார். பானெட் சில்லென்றிருந்தது. டிங்கர் டார்ச் பிடித்தான், நர்ஸம்மா பல் தேய்த்தபடியே வந்து நின்றாள். மோப்பம் பிரஷர் டெஸ்டரை மாட்டி அடித்தாள். முள் ஏறி நின்றது. நின்றது, நின்றுகொண்டே இருந்தது. டிங்கர் கொட்டாவி விட்டான். அப்புறம் முள் ஒரு மயிரிழை இறங்கியது.

"இறங்குச்சு" என்றாள் அவள், மூச்சே இல்லாமல்.

கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. அவள் சட்டைக் கையை மடித்துவிட்டு, இன்ஜினுக்கும் பின்பக்கத் தகட்டுக்கும் நடுவே கையை விட்டாள். சாதாரணமாக அந்த இடத்தில் கையை விட்டால் தோல் உரிந்துவிடும், அவ்வளவு சூடு. இப்போது குளிர்ந்த இரும்பு. ஒவ்வொரு ஹோஸாக, ஒவ்வொரு மூட்டாக, கண் தெரியாதவர் முகத்தைத் தடவி அடையாளம் பார்க்கிற மாதிரி விரலால் தடவிக்கொண்டே போனாள். ஒரு இடத்தில் ஈரம். கையை வெளியே எடுத்துக் கட்டை விரலோடு தேய்த்துப் பார்த்தாள். பனி ஈரமானால் தேய்த்தால் போய்விடும். இது வழுவழுவென்று நழுவியது. கூலன்ட்.

பல் டாக்டர் கண்ணாடி மாதிரி நீளக் கம்பியில் ஒரு கண்ணாடி வைத்திருந்தாள். அதை உள்ளே விட்டு, டார்ச்சைச் சாய்க்கச் சொன்னாள். கண்ணாடியில் ஹோஸின் மூட்டு தெரிந்தது. அதன் அடியில் ஒரு சொட்டு மெதுவாகத் திரண்டு, தொங்கி, விழுந்தது. தரையில் விழவில்லை. கியர்பாக்ஸின் தலையில் ஒரு குழி இருந்தது, அதில் விழுந்தது. அந்தக் குழி முழுக்க வெள்ளையும் பச்சையுமாகக் காய்ந்த உப்புப் படிவம். குளிரில் சொட்டும், வண்டி ஓடிச் சூடானதும் மூட்டு அடைத்துக்கொள்ளும், சொட்டியது சூட்டில் காய்ந்துபோகும். கார் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து சேரும்போது மூட்டில் ஈரம் இருக்காது. காய்ந்த படிவமோ, நின்று குனிந்தால் தெரியாத குழிக்குள் இருந்தது.

இவ்வளவும் பார்த்த அவள் கண்ணில் இன்னொன்றும் பட்டது. சொட்டு திரண்ட இடத்துக்குப் பக்கத்தில், கிளிப்பின் திருகுத் தலையில், சிவப்பாக ஒரு பொட்டு.

டிங்கரும் பார்த்துவிட்டான். அந்தச் சிவப்பு அவன் டப்பாச் சிவப்பு, அவனுக்கா தெரியாது? பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தான். நர்ஸம்மாவுக்கு அந்தப் பொட்டின் அர்த்தம் தெரியாது. ஹோஸ் கிளிப் பழசாகிவிட்டது, மாற்றினால் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், விஷயம் அங்கேயே முடிந்துவிடும். நேற்று ஒரு உண்மை சொன்னாயிற்று, அதுவே பெரிய காரியம். ஒரே வாரத்தில் எத்தனை உண்மையைத்தான் ஒரு மனுஷி சொல்வாள்?

"நர்ஸம்மா, இங்க வந்து குனிஞ்சு பாருங்க" என்றாள் மோப்பம். "இந்தச் செவப்புப் பொட்டு நான் வெச்சது. போன வருஷம் இந்த ஹோஸ மாத்தினப்ப கம்பெனி போட்ட ஸ்பிரிங் கிளிப்பத் தூக்கிப் போட்டுட்டு இதப் போட்டேன். மூச்சப் பிடிச்சு முறுக்கினேன். ஸ்பிரிங் கிளிப்பு ரப்பர் சுருங்கினா கூடவே சுருங்கிப் பிடிச்சுக்கும். இது முறுக்கின இடத்துலயே நிக்கும், ரப்பர் குளிர்ல சுருங்கினா எடம் விட்டுடும். உங்க காரக் கொதிக்க வெச்சது நான்தான்."

நர்ஸம்மா வாயில் நுரையோடு கண்ணாடியைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தாள்.

"மூக்கு இருந்திருந்தா கண்டுபிடிச்சிருப்பியா?"

மோப்பம் யோசித்தாள். காய்ந்த இடத்தில் என்ன வாசனை வரப்போகிறது? சூடாக வந்த காரில் அவள் மூக்கும் கைவிட்டிருக்கும். அப்போதும் ஏதோ ஒரு பேரைச் சொல்லியிருப்பாள், இன்னும் பலமாக.

"மாட்டேன்" என்றாள். அந்த வார்த்தையைச் சொன்னபோது அவளுக்கே ஆச்சரியமாக, நெஞ்சுக்குள் ஏதோ நிமிர்ந்தது. ஊரே மெச்சிய மூக்கால் முடியாததை இன்றைக்கு அவள் செய்திருக்கிறாள். காத்திருந்து செய்திருக்கிறாள், விரலால் செய்திருக்கிறாள். அவளுக்குச் சந்தோஷத்தில் காது மடல் சுட்டது.

கிளிப்பைக் கழற்றினால் ஹோஸின் முனை வளையமாக வெட்டுப்பட்டுக் கிடந்தது. அத்தனை அன்போடு முறுக்கியிருக்கிறாள். வெட்டுப்பட்ட முனையை ஒரு விரல் அளவு நறுக்கி எறிந்தாள், குழாயின் வாயில் படிந்த உப்பை உப்புத்தாளால் தேய்த்தாள். இப்போது ஒரு ஸ்பிரிங் கிளிப் வேண்டும். கடை திறக்க நேரமிருந்தது. அவள் கணவனைப் பார்த்தாள்.

"என்னங்க, அந்த ஹேர் கிளிப்பு ஒண்ணு வேணும்."

டிங்கர் அசையவில்லை. "எந்த ஹேர் கிளிப்பு?" என்று கேட்டான், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு.

"நியூஸ்பேப்பர்ல மாட்டி வெச்சிருக்கீங்களே, அதான்."

"மனுஷன் கை முறுக்காத எதுவும் நிக்காதுன்னு யாரோ சொன்னாங்களே."

"போறீங்களா, இல்லையா?"

அவன் சிரித்துக்கொண்டே ஷெட்டுக்கு ஓடிப்போய் ஒரு கை நிறைய அள்ளி வந்தான். அதில் அளவு சரியானதை எடுத்து இடுக்கியால் விரித்து மாட்டினாள். அது கப்பென்று கவ்வியது. கூலன்ட் ஊற்றி, ஹீட்டரைப் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, ஹோஸை அமுக்கி அமுக்கி உள்ளே மாட்டிய காற்றுக் குமிழ்களை வெளியேற்றினாள். அதற்கு அடுத்த நாளும் விடியலில் போய்ப் பார்த்தாள். மூட்டு சருகாகக் காய்ந்திருந்தது. நர்ஸம்மா ஜன்னலிலிருந்து எட்டிப்பார்த்து, "உன் மூக்கு விஷயத்த நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

"நீங்க சொல்ல வேணாம் நர்ஸம்மா" என்றாள் மோப்பம். "நானே சொல்லிக்கறேன்."

சொல்வது சுலபம், செய்வதுதான் கஷ்டம். அன்று மத்தியானம் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற ஒருவன் வேகமாக ஷெட்டுக்குள் வந்து பிரேக் போட்டான்.

"அக்கா, தண்ணி குறையுது, எங்க போகுதுன்னே தெரியல. கொஞ்சம் மோந்து சொல்லுங்கக்கா, பிள்ளைங்கள வீட்டுல விடற நேரமாச்சு."

டிங்கரின் சுத்தியல் வழக்கப்படி நின்றது. அவள் கையைத் துணியில் துடைத்தாள். வழக்கத்தைவிட அதிக நேரம் துடைத்தாள்.

"எனக்கு மூக்கு போயிடுச்சுப்பா. எந்த வாசனையும் தெரியாது. திரும்பி வருமான்னும் தெரியாது."

அவன் வாயைப் பிளந்து நின்றான். "அப்ப எப்படிக்கா பாப்பீங்க?"

"இப்பத்திக்குக் கொஞ்சம் தண்ணி ஊத்தித் தர்றேன், பிள்ளைங்கள விட்டுட்டு வந்து வண்டிய இங்கயே போட்டுட்டுப் போ. நல்லா ஆறட்டும். காலையில கண்ணாலயும் கையாலயும் தேடறேன். நேரமாகும். முன்ன மாதிரி நின்ன நெலையில சொல்ல என்னால முடியாது. உனக்கு அவசரம்னா பெரிய ஒர்க்‌ஷாப்புக்குப் போ. கோவிச்சுக்க மாட்டேன்."

கோவிக்க மாட்டேன் என்பது பச்சைப் பொய். போயிருந்தால் ஜென்மத்துக்கும் கோவித்துக்கொண்டிருப்பாள். அவன் தலையைச் சொறிந்தான், வேனைப் பார்த்தான், கிளம்பிப் போனான். அவள் அன்று பிற்பகல் பூராவும் ஒரே ஸ்பேனரை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள்.

வெயில் சாய்ந்தபோது வேன் திரும்பி வந்தது. ஓட்டுகிறவன் இறங்கிக்கொண்டே போனில் யாரிடமோ, நாளைக்குக் காலையில் பிள்ளைகளை ஏற்ற உன் வண்டியைக் கொண்டுவா என்று சொல்லிக்கொண்டிருந்தான். போனை வைத்துவிட்டுச் சாவியை அவளிடம் நீட்டினான்.

"வரமாட்டேன்னு நெனச்சேன்" என்றாள் அவள்.

"என்னக்கா பேசறீங்க? நான் மூக்க நம்பியா வண்டியக் கொண்டாந்தேன்? உங்கள நம்பித்தானே."

அவள் சாவியை வாங்கிக்கொண்டு சட்டென்று திரும்பிக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த ஒரே வழியில் சமாளித்தாள்.

"வண்டிய இப்படிக் கோணலா நிறுத்தினா நான் எப்படிய்யா அடியில போய்ப் பாக்கறது? நேரா எடுத்து நிறுத்து!" என்று ஒரு அதட்டு போட்டாள்.

அவன் பயந்துபோய் மறுபடி ஏறி வேனை நேராக நிறுத்தினான். அவன் இறங்கி நடந்து தெருமுனை திரும்புகிற வரைக்கும் பார்த்திருந்துவிட்டு, அவளே போய் பானெட்டைத் தூக்கி வைத்தாள், இன்ஜின் சீக்கிரம் ஆறட்டும் என்று.